ஆய்வேட்டை அலமாரியிலிருந்து இறக்குவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "சோத்கங்காவில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் கிடக்கின்றன, எழுதியவரையும் வழிகாட்டியையும் தவிர யார் படித்தார்கள்?" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். (தெரியாதவர்களுக்கு: சோத்கங்கா என்பது காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துகிற ஆய்வேட்டுக் களஞ்சியம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அங்கே யாரும் காசில்லாமல் படிக்கலாம்.) பாதிப் பேர் திட்டி எழுதியிருந்தீர்கள், மீதிப் பேர் வழி கேட்டிருந்தீர்கள். திட்டியவர்களுக்கும் சேர்த்தே இந்த மாதப் பக்கம்.

கேள்வி: மண்ணியலில் ஆறு வருடம் ஆய்வு செய்து போன வருடம் பட்டம் வாங்கினேன். தாமிரபரணிப் பாசனக் குளங்களின் வண்டல்தான் தலைப்பு. ஊருக்குப் போனால் "அப்படி என்னத்தம்மா படிச்சே?" என்று பெரியப்பா கேட்கிறார், என்னால் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. இதை ஒரு இணையதளமாகவோ வீடியோவாகவோ போட ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?
(ஆய்வாளர், திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: பெரியப்பாவிடமிருந்தேதான். நீங்கள் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தின் முதல் வரி இது: "தாமிரபரணிப் பாசனப் பகுதியிலுள்ள குளங்களில் படிந்துள்ள வண்டலின் இயற்பிய, வேதிப் பண்புகளை மதிப்பிடுவதே இவ்வாய்வின் நோக்கமாகும்." தப்பு ஒன்றும் இல்லை, தேர்வாளருக்கு இது போதும். ஆனால் இதில் பெரியப்பா எங்கே இருக்கிறார்? அவர் கேட்க நினைக்கும் கேள்வி, "குளத்துக் கரம்பையை வயலில் அடித்தால் விளைச்சல் கூடுமா, இல்லை டிராக்டர் வாடகைதான் தண்டமா?" என்பது. அதையே உங்கள் தளத்தின் முதல் வரியாக வையுங்கள், வீடியோவுக்கும் அதுவே தலைப்பு. உங்கள் சுருக்கம் நோக்கம், முறை, முடிவு என்று போய் கடைசி வரியில்தான் பயனுக்கு வருகிறது. பொதுமக்களுக்கு அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்: முதலில் விடை, அப்புறம் எப்படித் தெரிந்தது, எந்தெந்தக் குளத்தில் எந்த வருடங்களில் மண் எடுத்தீர்கள், எந்த மண்ணுக்கு இது பொருந்தாது. பொருந்தாத இடத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால், களர் நிலத்துக்காரர் ஒருவர் உங்களை நம்பி பத்து லோடு அடித்துவிட்டு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

இன்னொன்று கவனித்தேன். சுருக்கத்தையும் முதல் இயலையும் அனுப்பியிருக்கிறீர்கள், இரண்டிலும் ஒரு இடத்தில்கூட 'கரம்பை' என்ற சொல் இல்லை. உங்கள் பக்கத்தில் பாதி ஊர்களில் குளத்து வண்டலுக்கு அதுதான் பெயர். கைபேசியில் தேடுகிறவர் அந்தச் சொல்லைத்தான் அடிப்பார், 'இயற்பிய, வேதிப் பண்புகள்' என்று சத்தியமாக அடிக்க மாட்டார். கலைச்சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, ஊர்ச்சொல்லை முன்னால் விட்டு கலைச்சொல்லைப் பின்னால் நடத்திக் கூட்டிவாருங்கள்.

பேசிப் பழக ஒரு வழி உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் மூன்று நிமிட ஆய்வேடு என்று ஒரு போட்டியைத் தொடங்கியது, இப்போது உலகமெங்கும் நடக்கிறது. 80,000 சொல் ஆய்வேட்டை வாய்விட்டுப் படித்தால் ஒன்பது மணி நேரம் ஆகுமாம், இவர்கள் கொடுப்பது மூன்று நிமிடம், அசையாத ஒரே ஒரு படம். அந்த யோசனை பிறந்த கதைதான் எனக்குப் பிடித்தது: அங்கே அப்போது கடும் வறட்சி, மூன்று நிமிடத்துக்கு மேல் குளிக்கக் கூடாது என்று ஜனங்கள் குளியலறையில் மணல் கடிகாரம் ஒட்டி வைத்திருந்தார்கள். நீங்கள் மணல் கடிகாரம் வாங்க வேண்டாம். பெரியப்பாவை உட்கார வைத்துச் சொல்லுங்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர் எந்த இடத்திலெல்லாம் "அப்படின்னா?" என்று குறுக்கிடுகிறாரோ அந்த இடங்களை மட்டும் திருத்தி மறுநாள் இன்னொரு தடவை சொல்லுங்கள். அவர் வாய் திறக்காமல் கேட்கிற நாளில் கேமராவை எடுக்கலாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். 2004இல் தாலாட்டுப் பாடல்கள் பற்றி முனைவர் பட்டம் பெற்றேன். பேரன் ஒரு தளம் அமைத்து ஆய்வேட்டின் பிடிஎஃப் கோப்பை ஏற்றிக் கொடுத்தான். திறந்தால் எழுத்தெல்லாம் முத்து முத்தாகத் தெரிகிறது. ஆனால் கூகுளில் எப்படித் தேடினாலும் வரவில்லை. தமிழ் ஆய்வென்றால் கூகுளுக்கு இளக்காரமா?
(பேராசிரியர், மதுரை)

பதில்: கூகுள் மேல் பாவம் இல்லை ஐயா, உங்கள் கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) பரவுவதற்கு முன்னால் வந்த இந்த மாதிரி எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டவை. நீங்கள் அட்டையில் 'தமிழ்' என்று அடித்திருக்கிறீர்கள், கண்ணுக்கும் தமிழ்தான். கணினிக்குள் போய்ப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும். தேடுபொறி படிப்பது அதைத்தான். அந்தக் காலத்து ஆயிரக்கணக்கான தமிழ் ஆய்வேடுகளுக்கு இதே கதிதான், ஒன்று பழைய எழுத்துரு, இல்லாவிட்டால் பக்கத்தைப் படமாக ஸ்கேன் செய்து போட்டது. இரண்டும் இணையத்தில் இருந்தும் இல்லாததுபோல.

சரி செய்யலாம். மூலக் கோப்பு (வேர்டு கோப்பு) குறுந்தகட்டில் எங்காவது கிடைக்குமா பாருங்கள், அதுதான் புதையல். என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் பாமினியை யூனிகோடாக்கித் தரும். ஆனால் மொத்தமாக ஒரே போடாகப் போடாதீர்கள்; உங்கள் துணைநூற் பட்டியலில் உள்ள ஆங்கில நூல்களையும் தமிழென்று நினைத்து அது மாற்றிவிடும், பேய் ஓட்டுகிற மந்திரம் மாதிரி ஒரு பக்கம் வரும். ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத் தமிழை மட்டும் மாற்றுங்கள். அப்புறம் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் இடங்களைப் பாருங்கள். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போம், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால்தான் கொம்பு சேமிக்கப்படுகிறது, மாற்றும்போது சில இடங்களில் கொம்பு மட்டும் அநாதையாக ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். மூலக் கோப்பு கிடைக்கவில்லை, அச்சிட்ட பிரதி மட்டும்தான் என்றால் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலுள்ள தமிழை எழுத்தாக எடுத்துத் தரும். அதிலும் மெய்ப்புப் பார்க்காமல் தீராது. 'எ' வரவேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு (௭) வந்து உட்காரும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 'ஔவையார்' என்பதில் முதல் எழுத்து ஒ, ள என்று இரண்டாக உடைந்து கிடக்கும். இதையெல்லாம் தேடித் திருத்த தமிழ் தெரிந்த கண்தான் வேண்டும், உங்களை விட்டால் யார்?

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது, கடிதத்தின் கடைசியில் நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியது: களப்பணியில் பதிவு செய்த 23 கேசட்டுகள் பரணில் இருக்கின்றன என்று. ஐயா, ஆய்வேடு காத்திருக்கட்டும், முதலில் அதை இறக்குங்கள். நாடா ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடித்துப் போவதற்கு முன்னால் எண்ணிமப் பதிவாக மாற்றுங்கள். ஓடும் நிலையில் உள்ள கேசட் பிளேயர், கணினிக்குப் போகும் ஒரு கம்பி, இலவச ஆடாசிட்டி மென்பொருள், வேறென்ன வேண்டும்? தளத்தில் ஒவ்வொரு பாட்டின் வரிகளுக்குப் பக்கத்திலும் அந்தப் பாட்டி பாடிய குரல் இருக்க வேண்டும். தாலாட்டைப் படித்து எந்தக் குழந்தை தூங்கியது? ஆனால் பாடியவர்கள் உங்கள் நோட்டுப் புத்தகத்துக்குத்தான் பாடினார்கள், உலகத்துக்குப் பாடவில்லை. உயிரோடிருப்பவர்களிடமும், இல்லாதவர்கள் வீட்டில் பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டுப் பெயரோடு போடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் ஊர் மட்டும்.

கேள்வி: இயற்பியல் உதவிப் பேராசிரியர். என் கட்டுரைகள் வெளிநாட்டு இதழ்களில் வந்திருக்கின்றன. சொந்தத் தளத்தில் போடலாமா, வழக்குப் போடுவார்களா? என் கட்டுரையை நானே படிக்கக் கல்லூரியில் சந்தா இல்லை என்பது தனி வயிற்றெரிச்சல்.
(கோயம்புத்தூர்)

பதில்: வயிற்றெரிச்சல் நியாயமானது. போடலாமா என்பதற்கு விடை, எந்தப் பிரதி என்பதில் இருக்கிறது. ஒரே கட்டுரைக்கு மூன்று பிறவி: இதழுக்கு அனுப்பும் முன் நீங்கள் எழுதியது, மதிப்பாய்வாளர்கள் சொன்ன திருத்தங்களோடு ஏற்கப்பட்டது, பதிப்பகம் வடிவமைத்து வெளியிட்டது. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் கடைசிப் பிறவி அவர்களுடையது, அதைத் தூக்கித் தளத்தில் போடாதீர்கள். முதல் பிறவியைப் பெரும்பாலான இதழ்கள் விட்டுவிடுகின்றன. இரண்டாவதை உடனடியாகவோ ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தோ போடலாம் என்பார்கள். ஓப்பன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்பா ரோமியோ) என்ற தளத்தில் இதழின் பெயரைக் கொடுத்தால் அந்த இதழின் விதி என்ன என்று சொல்லிவிடும், ஐந்து நிமிட வேலை.

உங்கள் துறைக்காரர்கள் இதில் முன்னோடிகள். இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்தபோது 1991இல் தொடங்கியதுதான் ஆர்க்சைவ் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியம். இன்றைக்கு இயற்பியல், கணிதம் இரண்டிலும் இதழில் வருவதற்கு முன்பே கட்டுரை அங்கே வந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. உங்கள் பழைய கட்டுரைகளின் முன்வரைவுகளையும், இதழின் விதி இடம் கொடுத்தால், இப்போதுகூட அங்கே ஏற்றலாம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால் மட்டும் வரிசையை மாற்றுங்கள். முதலில் விண்ணப்பம், அதற்கப்புறம் கட்டுரையோ வீடியோவோ. வெளியே சொன்ன பிறகு அது புதுமை இல்லை என்று தள்ளிவிடுவார்கள்.

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசு நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான் அது. உங்களுடையது தனியார் கல்லூரி என்பதால் வாசலில்தான் நிற்கிறீர்கள், உங்களுக்குப் பக்கத்தில் நானும் நிற்கிறேன். நாம் கட்டிய வரிப்பணத்தில் எழுதிய கட்டுரையை, நம் வரிப்பணத்திலேயே வாங்கி, நமக்குக் காட்டாமல் வைத்திருப்பது எனக்கு இன்னும் பிடிபடாத கணக்கு.

கேள்வி: வேதியியல் வீடியோ சேனல் ஆரம்பிக்கப் போகிறேன். 60,000 ரூபாய்க்குள் நல்ல கேமரா சொல்லுங்கள் சார்.
(ஆய்வு மாணவர், சென்னை)

பதில்: கேமரா வேண்டாம் தம்பி, கையில் உள்ள போன் போதும். சட்டைக் காலரில் மாட்டுகிற ஒரு மைக் வாங்குங்கள், மிச்சப் பணத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். படம் கொஞ்சம் மங்கினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லையென்றால் பத்தே நொடியில் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். சொந்த அனுபவம்: நான் எடுத்த முதல் வீடியோ 41 நிமிடம், அதில் தெளிவாகக் கேட்டது மின்விசிறி மட்டும்தான். அதைக் கடைசி வரை பார்த்த ஒரே ஆள் என் மாமியார், அவரும் இடையில் காபி போடப் போயிருந்ததாகப் பின்னால் ஒப்புக்கொண்டார்.

பார்க்க வேண்டுமென்றால் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பீரியாடிக் வீடியோஸ் பாருங்கள். பிராடி ஹாரன் என்ற வீடியோக்காரரும் மார்ட்டின் பொலியாகாஃப் என்ற வேதியியல் பேராசிரியரும் 2008இல் ஆரம்பித்து 118 தனிமங்களுக்கும் தலா ஒரு வீடியோ போட்டார்கள். பேராசிரியருக்குக் காற்றில் பறக்கிற வெள்ளை முடி, அறை முழுக்கக் காகிதக் குப்பை, அவர் பாட்டுக்குப் பேசுகிறார். பரிசோதனை சொதப்பினால் அதையும் காட்டுகிறார்கள். பின்னணி இசை போட்டு "வணக்கம் நண்பர்களே" என்று இரண்டு நிமிடம் ஓட்டுவதில்லை. தமிழில் பேசுங்கள், ஆங்கிலத்தில் வசன வரி கொடுங்கள். தானியங்கி வசனத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள், அமிலம் அமலா ஆகிவிடும்.

கேள்வி: எலிகளில் ஒரு மூலிகைச் சாற்றைச் சோதித்தோம். எங்கள் நிறுவனம் "சர்க்கரை நோய்க்குப் புதிய மருந்து கண்டுபிடிப்பு" என்று செய்திக்குறிப்பு அனுப்பிவிட்டது. இப்போது தினமும் நோயாளிகள் போன் செய்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: கடைசி வரியில் என்னையும் சேர்த்துவிட்டீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியை நீங்களே ஒரு தடவை படியுங்கள். மிகைப்படுத்தியது யார்? பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழுவினர் இதையே ஆராய்ந்து 2014இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 20 பல்கலைக்கழகங்களின் 462 செய்திக்குறிப்புகளை எடுத்து மூலக் கட்டுரையோடும் பத்திரிகைச் செய்தியோடும் ஒப்பிட்டார்கள். விலங்கு ஆய்வை மனிதனுக்குப் பொருந்துவதாக நீட்டிச் சொன்ன குறிப்புகள் 36 சதவீதம். குறிப்பில் அந்த நீட்டல் இருந்தபோது செய்திகளில் 86 சதவீதத்திலும் அது இருந்தது. குறிப்பு ஒழுங்காக இருந்தபோது செய்தியில் நீட்டல் 10 சதவீதம்தான். பத்திரிகைக்காரன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை, சோம்பேறி என்று சொல்கிறேன், கொடுத்ததைத்தான் போடுவான்.

ஆகவே உங்கள் தளத்தில் இன்றைக்கே ஒரு பக்கம் போடுங்கள். தலைப்பிலேயே 'எலிகளில்' என்ற சொல் வர வேண்டும். "இது மருந்து அல்ல, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை, சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று மூன்று வரி, கொட்டை எழுத்தில். போன் செய்பவர்களுக்கு அந்தப் பக்கத்தின் இணைப்பை அனுப்புங்கள். அடுத்த தடவை செய்திக்குறிப்பு வெளியே போவதற்கு முன் உங்கள் கையெழுத்து வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வீடியோ போடுவதால் துறையில் "யூடியூபர் வந்துட்டார்" என்று கேலி செய்கிறார்கள்.
(திருச்சி)

பதில்: கேலி செய்கிறார்கள் என்றால் பார்த்திருக்கிறார்கள். வானியலாளர் கார்ல் சாகனையே அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதெமி 1992இல் உறுப்பினராக ஏற்க மறுத்தது, டிவியில் வந்து பிரபலமானதுதான் குற்றம் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில் அதே அகாதெமி பொதுநலப் பதக்கம் கொடுத்தது. உங்கள் துறையில் பதக்கம் எல்லாம் எதிர்பார்க்க முடியாது, பதவி உயர்வுக் கோப்பு நகரும் வரை கட்டுரைகளையும் விடாமல் எழுதிக்கொண்டிருங்கள்.

கேள்வி: மேற்கு மலையில் அரிய ஆர்க்கிட் ஒன்றை மறுபடி கண்டுபிடித்தோம். இடம், படம் எல்லாவற்றையும் தளத்தில் போட வேண்டும், மக்களுக்கு மறைக்கக் கூடாது என்கிறான் நண்பன்.
(தாவரவியல் மாணவி, நீலகிரி)

பதில்: இதில் மட்டும் மறையுங்கள். 1999இல் சீனாவில் ஒரு குகைப் பல்லியைப் புதிய இனமென்று விவரித்துக் கட்டுரை வந்தது, இடத்தோடு. வளர்ப்புப் பிராணி வியாபாரிகளும் அதைப் படித்தார்கள். முதன்முதலில் கண்ட அந்த இடத்திலேயே பல்லி இல்லாமல் போய்விட்டது என்று 2006இல் சயன்ஸ் இதழில் சில ஆய்வாளர்கள் வருத்தப்பட்டு எழுதினார்கள். பூவின் கதையைச் சொல்லுங்கள், எந்தப் பூச்சி வருகிறது, ஏன் அரிதானது, எல்லாம். இடத்துக்கு மாவட்டம் போதும். இயற்கைப் பதிவுகளுக்கான ஐநேச்சுரலிஸ்ட் தளமே அருகிவரும் இனங்களின் இடத்தை 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ என்று கலக்கித்தான் காட்டுகிறது. முக்கியமாக, போனில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறி பதிந்திருக்கும், அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். உங்கள் நண்பன் இதற்குள் வாட்ஸ்அப் குழுவில் இடத்தை அனுப்பியிருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே.

கேள்வி: நான் ஆய்வாளர் இல்லை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். நாளிதழில் "ஆய்வில் தகவல்" என்று வருவதன் மூலத்தைப் படிக்க ஆசை. திறந்தால் 40 டாலர் கேட்கிறது.
(வேலூர்)

பதில்: கட்டாதீர்கள். கட்டுரைத் தலைப்பை கூகுள் ஸ்காலரில் போட்டு, கீழே எல்லாப் பதிப்புகளும் என்றிருப்பதை அழுத்துங்கள், பாதி நேரம் இலவசப் பிரதி அங்கேயே இருக்கும். உலாவியில் அன்பேவால் என்ற நீட்சியைச் சேர்த்தால் சட்டப்படியான இலவசப் பிரதி இருக்கும்போது ஓரத்தில் ஒரு பூட்டுத் திறந்து காட்டும். மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் எளிய மொழிச் சுருக்கங்களில் சில தமிழிலும் உண்டு. ஒன்றும் கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். சும்மா கிடந்த கட்டுரையை வேலூரிலிருந்து ஒருவர் கேட்கிறாரே என்று பூரித்துப்போய் அனுப்பிவிடுவார்கள், நான் கேட்டு மறுத்தவர்கள் இதுவரை இரண்டே பேர்.

கேள்வி: தளத்துக்கு வருடா வருடம் பணம் கட்டுகிறேன். நான் கட்டாமல் விட்டால், அல்லது நானே இல்லாமல் போனால்?
(தஞ்சாவூர்)

பதில்: தளம் போய்விடும், அந்தப் பெயரை வாங்கியவர் அதில் ரம்மி விளம்பரம் போடுவார், என் நண்பர் ஒருவருக்கு நடந்தது. தளத்தை முகப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சரக்கை வேறிடத்திலும் வையுங்கள். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் 2013இல் தொடங்கிய செனோடோ களஞ்சியத்தில் கட்டுரை, தரவு, ஒலி, வீடியோ எதையும் இலவசமாக ஏற்றலாம், ஒவ்வொன்றுக்கும் மாறாத ஒரு அடையாள எண் கிடைக்கும். தளத்தின் பக்கங்களை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைக் காத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒவ்வொன்றாகச் சேமித்துவிடுங்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கிற அதே பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறதென்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.